புகார் அறை அக்காவின் ஐந்துக்கு ஐந்து

நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், என்றைக்குக் கேட்டாலும் "நாளைக்கு ரிப்பேர் ஆயிடும்" என்று சொல்லப்படும் லிஃப்டுக்குப் பக்கத்து அறையில், பத்தொன்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க்குப்பையைக் காதாலேயே அள்ளியவள் அக்கா. அவள் பங்குக்கு வந்தது மறுசுழற்சிக் குப்பை. பாட்டில், அட்டைப்பெட்டி, பழைய பேப்பர், தகர டப்பா, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. வாரத்தில் இரண்டு நாள் பச்சை லாரி வந்து இதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும். வராவிட்டால் ஜனங்கள் போன் அடிப்பார்கள், அக்கா எடுப்பாள்.

போன் அடிக்கிறவர்கள் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? வந்தார்கள், போங்கள்! ஒருவர் தன் முழங்கால் வலியில் ஆரம்பிப்பார். இன்னொரு அம்மா மாடி வீட்டுக்காரனின் நாயிலிருந்து பிடித்துக்கொண்டு வருவார். அக்கா குறுக்கே பேச மாட்டாள். "ம்... அப்புறம்?" என்பாள். அந்த "ம்"மில் ஒரு தள்ளு இருக்கும். முழங்கால் நகரும், நாய் நகரும், கடைசியில் வாசலில் எட்டு நாளாகக் கிடக்கிற அட்டைப்பெட்டி வெளியே வரும். எங்கே, என்ன, எத்தனை நாளாக என்று மூன்றே கேள்வி. புகார் எழுதி முடித்து லாரிக்கு அனுப்பிவிடுவாள். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, "அந்த அப்புறம் அக்காகிட்ட குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பேசுவார்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு நாள் கல் விழுந்தது. புது வெப்சைட் திறந்ததும் போனே கிடையாது, புகார் எல்லாம் அதில்தான் என்று உத்தரவு. புகார் அறையில் இருந்த மற்ற இரண்டு பெண்களையும் தூக்கி அடித்தளத்து ரெக்கார்டு ரூமில் போட்டுவிட்டார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. மனிதக் குரலும் கிடையாது. ஒரு மணி நேரம் யாரோடும் பேசாவிட்டால் தலைவலி வந்துவிடுகிற அக்காவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியுமா, சொல்லுங்கள்!

அப்போதுதான் அதிகாரியம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். புதிதாக மாற்றலாகி வந்தவர், காலில் சக்கரம் கட்டியவர். நின்று பேசி யாரும் பார்த்ததில்லை.

"ஜனங்க எப்படிப் பேசுவாங்க, எங்க குழம்புவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். இந்த வெப்சைட்டை வெளிய விடறதுக்கு முன்னாடி ஆளுங்களை உக்கார வெச்சு டெஸ்ட் பண்ணணும். நீங்க பண்ணுங்க. இது நல்லபடியா முடிஞ்சா டெஸ்ட் ரூம்னு நிரந்தரமா ஒண்ணு போடறோம். பொறுப்பு உங்களுக்கு. இல்லன்னா..." என்று சொல்லி, ஆள்காட்டி விரலால் தரையைக் காட்டினார். தரைக்குக் கீழே ரெக்கார்டு ரூம்.

வெப்சைட்டை உருவாக்கியவன் கம்ப்யூட்டர் தம்பி. தம்பி என்று பேர்தானே தவிர முப்பத்தைந்து வயது, முன்வழுக்கை, கெட்டிக்காரன். அவன்தான் அக்காவுக்கு டெஸ்ட் முறையைச் சொல்லிக் கொடுத்தான்.

"அக்கா, தெருவுல போற சாதாரண ஆளு ஒருத்தரைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெப்போம். 'உங்க வாசல்ல அட்டைப்பெட்டி கிடக்கு, புகார் குடுங்க'ன்னு மட்டும் சொல்லுவோம். மத்ததெல்லாம் அவரா தேடிக் கண்டுபிடிக்கணும். எங்க நிக்கறாரு, எங்க முழிக்கறாருன்னு நாம எழுதிக்கணும். வழி மட்டும் காட்டக் கூடாது."

"வாயே திறக்கக் கூடாதா?"

"திறக்கவே கூடாது."

"அதுக்கென்ன, திறக்கல" என்றாள் அக்கா. உண்மையாகத்தான் சொன்னாள்.

ஐந்து பேர் வந்தார்கள். ஒரு தையல்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர், மருந்துக்கடையில் நிற்கும் பெண், ஒரு ஜிம் மாஸ்டர், ஒரு கல்லூரி மாணவி. அக்கா நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேரும் புகாரைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்கள். ஐந்துக்கு ஐந்து! வெளியே காத்திருந்த கம்ப்யூட்டர் தம்பி விசில் அடித்தான். அதிகாரியம்மா அன்றைக்கே மேலிடத்துக்குச் சொல்லி, இருபத்தைந்தாம் நாள் திறப்பு விழா என்று நகராட்சி அரங்கத்தையும் பிடித்துவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே "டெஸ்ட் ரூம் நமக்குத்தான்!" என்று கத்தினாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு வாரம்.

அக்காவின் நாத்தனார், அதாவது அவள் வீட்டுக்காரரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். கைராசிக்காரி, வாயில் நெருப்பு. வெள்ளோட்டத்துக்காக அந்த வெப்சைட்டை ஊழியர்களின் குடும்பங்களுக்கு மட்டும் திறந்துவிட்டிருந்தார்கள். நாத்தனார் தன் பார்லர் பின்வாசலில் மூன்று மூட்டை காலி ஷாம்பு பாட்டில் கிடக்கிறது என்று அதில் புகார் கொடுத்தாள். நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் புயலாக வந்து நின்றாள்.

"அண்ணி! என்ன வெப்சைட்டு நடத்தறீங்க? நாசமாப் போக! நாலு நாளாச்சு, ஒரு லாரியைக் காணோம். மூட்டை பிரிஞ்சு பாட்டில் எல்லாம் சாக்கடைல மிதக்குது!"

அக்கா தன் போனில் புகார்ப் பட்டியலைத் திறந்து தேடினாள். நாத்தனாரின் புகாரே அதில் இல்லை.

"நீ குடுக்கவே இல்லையேம்மா."

"குடுக்கலையா? எனக்கென்ன கண்ணு நொள்ளையா? இதே கையாலதான் குடுத்தேன்!"

"சரி, இப்ப என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை குடு, பாப்போம்."

"குடுக்கறேன். ஆனா நடுவுல நீங்க ஒரு சத்தம் போடக் கூடாது. போட்டீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிட்டேன்!"

உலகத்தில் அக்காவின் வாயை அடைக்கக் கூடிய ஒரே பிறவி நாத்தனார்தான். அக்கா கப்சிப் என்று உட்கார்ந்தாள். நாத்தனார் நான்கு பக்கங்களை மளமளவென்று தாண்டினாள். ஐந்தாவது பக்கம் வந்தது. அதன் தலையில் பெரிதாக ஒரு பச்சை டிக். "விவரங்கள் சரி" என்று எழுத்து.

"பாத்தீங்களா! டிக்கு விழுந்துருச்சு, முடிஞ்சுது!" என்று நாத்தனார் போனை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

அக்கா போனை எடுத்து அந்தப் பக்கத்தை விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள். டிக்குக்குக் கீழே விலாசம், விலாசத்துக்குக் கீழே போட்டோ, போட்டோவுக்குக் கீழே நான்கு வரி விதிமுறை, எல்லாவற்றுக்கும் கீழே "சமர்ப்பி" என்று ஒரு பொத்தான் ஒளிந்துகொண்டிருந்தது. அதை அமுக்கினால்தான் புகார் போய்ச் சேரும். பச்சை டிக்கைப் பார்த்த எந்த மனுஷன் அதற்குக் கீழே இறங்கிப் போய்த் தேடுவான்? அப்படியானால் அந்த ஐந்து பேர் மட்டும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

திங்கட்கிழமை காலை, கூட்டுகிறவர்கள் வருவதற்கு முன்னாலேயே அலுவலகத்துக்குப் போய், டெஸ்டின்போது எடுத்த வீடியோக்களைப் போட்டாள். முதலில் தையல்காரர். பச்சை டிக் வந்தது. மனுஷன் "அவ்ளோதானே" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அப்போது ஒரு பெண் குரல், "ம்... அப்புறம்?" என்றது. தையல்காரர் திடுக்கிட்டு மறுபடி உட்கார்ந்து, மேலும் கீழும் தேடி, பொத்தானைக் கண்டுபிடித்து அமுக்கினார்.

'யாருடி இவ, டெஸ்ட் நடக்கும்போது நடுவுல பேசறவ?' என்று அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டாவது வீடியோவிலும் அதே குரல். தபால்காரருக்கு மூன்று தடவை. ஜிம் மாஸ்டரிடம் வந்தபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. பத்தொன்பது வருடம் ஊரே கேட்ட குரலை அவள் மட்டும் வெளியிலிருந்து கேட்டதில்லை.

"அடிப்பாவி!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அது அவளுடைய குரல்தான். வாய் திறக்கவில்லை என்றுதான் அவள் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

இதைச் சொன்னால் டெஸ்ட் ரூம் போச்சு, ரெக்கார்டு ரூம் வந்தாச்சு. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அன்று சாயங்காலம்வரை அக்காவுக்கு ஒரு வாய் டீகூட இறங்கவில்லை. வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே முழுக் கதையையும் கேட்டார்.

"உங்க வெப்சைட்டு திறந்த அன்னிக்குப் போன் லைனை வெட்டிடுவாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்ப ஊர்ல இருக்கறவன் எல்லாம் டிக்கைப் பாத்துட்டு, புகார் குடுத்தாச்சுன்னு வாசல்ல நின்னு லாரிக்குக் காத்துக்கிட்டு இருப்பான். கேக்கவும் ஆளு இருக்காது. ஃபிரிட்ஜ் ஓடலன்னா ஓடுதுன்னு சொல்லிட்டு நான் வர முடியுமா? மறுநாள் உள்ள இருக்கறது நாறிடாது?"

அக்கா அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் அதிகாரியம்மா அறையில், கம்ப்யூட்டர் தம்பியையும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அதிகாரியம்மாவின் முகம் சிவந்து போனது.

"அஞ்சுக்கு அஞ்சுன்னு மேல சொல்லியாச்சு! ஹால் புக் பண்ணியாச்சு! இப்ப வந்து இல்லன்னா?"

"அந்த அஞ்சு பேரும் பாஸ் பண்ணல மேடம். அஞ்சு தடவையும் பாஸ் பண்ணது நான்தான்."

கம்ப்யூட்டர் தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பட்டன் இருக்கே அக்கா! கீழதான் இருக்கு!"

"கீழ இருக்குன்னு உனக்குத் தெரியும். நீ வெச்ச. ஊருக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரியம்மா அறைக்குள் இரண்டு நடை நடந்தார். "ரெண்டு நாள் தரேன். வேற அஞ்சு பேரை வெச்சு மறுபடி பண்ணுங்க. நானும் வந்து பாக்கறேன். மறுபடியும் அஞ்சுக்கு அஞ்சு வந்துச்சுன்னா, ஒரு நல்ல காரியத்தைக் கெடுக்கப் பாத்தீங்கன்னு அர்த்தம். அன்னிக்கே கீழ போயிடுங்க."

சரி என்று வந்துவிட்டாள். ஆனால் அந்தப் பாழாய்ப் போன "ம்"மை என்ன செய்வது? வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கம்ப்யூட்டர் தம்பியை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். அவன் வேண்டுமென்றே ஒரு இடத்தில் தயங்கி நின்றான். அக்கா இரண்டு கன்னமும் உப்பிப் போய் உட்கார்ந்திருந்தாள். "ம்..." என்று சத்தம் வந்தது. மூடிய வாயோடு சொல்ல முடிந்த ஒரே வார்த்தை அதுதான் என்று அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. தம்பி சிரித்த சிரிப்பில் அக்காவுக்கும் சிரிப்பு வந்து, வாயிலிருந்த தண்ணீரெல்லாம் கீபோர்டில்.

"நான் அந்த ரூம்லயே இருக்கக் கூடாது" என்று துடைத்துக்கொண்டே சொன்னாள். "எது நடந்தாலும் பேசாத ஆளு ஒருத்தர் வேணும்."

சொன்ன மாத்திரத்தில் இருவருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். ரெக்கார்டு ரூம் பொறுப்பாளர். எல்லோரும் அவரைக் கல்லுளி என்பார்கள். கல்லுளிமங்கனுக்குச் சுருக்கம். ஒரு தடவை மின்சாரப் பெட்டியில் தீப்பிடித்தபோது அவர் பாட்டுக்கு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். பக்கத்தில் வந்து நின்றவர் "என்ன சார், உள்ள தீயா?" என்று கேட்ட பிறகுதான் தலையை ஆட்டினார். அக்கா அடித்தளத்துக்குப் போய் அரை மணி நேரம் விஷயத்தை விளக்கினாள். கல்லுளி முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து செருப்பை மாட்டினார். அதுதான் சம்மதம்.

இரண்டாவது டெஸ்ட் நடந்தது. உள்ளே கல்லுளியும் வந்தவரும் மட்டும். பக்கத்து அறைத் திரையில் அக்கா, தம்பி, அதிகாரியம்மா மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர் பேக்கரிக்காரர். பச்சை டிக் வந்ததும் "முடிஞ்சுதுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

"ஒருத்தர் கவனக்குறைவா இருக்கலாம்" என்றார் அதிகாரியம்மா.

அடுத்து வந்த கல்யாண போட்டோகிராபர் டிக்கைப் பார்த்துத் தன் தோளைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது ஸ்கூல் வேன் டிரைவர். "சார், முடிஞ்சுதுங்களா?" என்று கல்லுளியைக் கேட்டார். கல்லுளி மின்விசிறியைப் பார்த்தார். "முடிஞ்சிருக்கும்" என்று டிரைவரும் கிளம்பினார். நான்காவதாக ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, டிக்கைப் பார்த்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போனார். அக்கா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவதாக வந்த அம்மாள் இஸ்திரிக் கடை வைத்திருப்பவர். அவர் அந்த டிக்வரைகூடப் போகவில்லை. இரண்டாவது பக்கத்தில் "கழிவின் வகையைத் தேர்ந்தெடுக்கவும்" என்று பதினான்கு வகை இருந்தது. தகர டப்பாவை எதில் சேர்ப்பது? உலோகமா, உலோகக் கலவையா, பூச்சுள்ள கொள்கலனா, இதரமா? அந்த அம்மாள் மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். கடைசியில் கையைக் கூப்பினார்.

"மன்னிச்சுக்கோங்க சார். நான் அவ்வளவா படிச்சதில்ல. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்குட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். படி இறங்கப் போன அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்கும்மா மன்னிப்பு கேக்கணும்? டப்பா கிடக்குன்னு சொல்ல எதுக்கு இவ்ளோ படிக்கணும்? தப்பு எங்களது. நாங்கதான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் பயந்து போய், "பரவால்லம்மா, பரவால்ல" என்று அவளையே தேற்றிவிட்டுப் போனார்.

அவள் திரும்பி வந்தபோது கல்லுளியும் உள்ளே வந்திருந்தார். அதிகாரியம்மா அவரைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சும் போச்சு" என்றார் கல்லுளி.

அதிகாரியம்மா வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்காவின் பக்கம் திரும்பினார். "விழாவுக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. என்ன பண்ணணும், நீங்க சொல்லுங்க."

நீங்க சொல்லுங்க! பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அக்கா நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மூன்று வார்த்தை எழுதித் தம்பி முன்னால் வைத்தாள். எங்கே. என்ன. எத்தனை நாளாக.

"அவ்ளோதானா?" என்றான் தம்பி. "பதினாலு வகை விதிமுறையிலயே இருக்கு அக்கா."

"வகை பிரிக்கறது நம்ம வேலை தம்பி. நாம உக்காந்து பிரிச்சுப்போம். என்ன கிடக்குன்னு அவங்க வாய்க்கு வந்தபடி சொல்லட்டும். அந்தப் பச்சை டிக்கைத் தூக்கு. புகார் நம்பர் வந்த அப்புறம்தான் டிக்கு. அதுக்கு முன்னாடி ஒரு பச்சைப் புள்ளிகூட என் கண்ணுல படக் கூடாது."

தம்பி இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். ஆறு மாதம் மாடாய் உழைத்துக் கட்டியதை இடிக்கச் சொன்னால் யாருக்குத்தான் கசக்காது? மூன்றாம் நாள் தானாகவே வந்தான்.

"நேத்து வீட்ல என் பொண்டாட்டியைக் குடுக்கச் சொன்னேன் அக்கா. அவ எம்.எஸ்சி. அவளும் டிக்கைப் பாத்துட்டு மூடிட்டா. கீழ பட்டன் இருக்கேன்னேன். 'இதை எவன் கீழ வெச்சான்'னு கேக்கறா. நான் ஒண்ணும் சொல்லல."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அதன் பிறகு அவனுக்குச் சோறு தண்ணீர் நினைவில்லை. மூன்றாவது டெஸ்டில் மூன்று பேர் தேறினார்கள், இரண்டு பேர் விழுந்தார்கள். பொத்தானை அமுக்கியதும் புகார் நம்பர் எறும்பு சைஸில் வந்ததால், வரவில்லை என்று நினைத்து ஒரு காய்கறிக்காரர் ஒரே புகாரை ஒன்பது தடவை கொடுத்துவிட்டார். நம்பரைப் பூசணிக்காய் சைஸுக்கு ஆக்கினார்கள். நான்காவது டெஸ்ட், விழாவுக்கு நான்கு நாள் முன்னால் நடந்தது. உள்ளே கல்லுளி கல்லாக உட்கார்ந்திருந்தார். ஒருவர் முடித்தார். இருவர் முடித்தார்கள். மூன்று. நான்கு. ஐந்தாவதாக வந்த மூக்குக்கண்ணாடி ரிப்பேர்க்காரர் நம்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டியபோது, பக்கத்து அறையில் அதிகாரியம்மா குதித்த குதியில் அவருடைய செருப்பு ஒன்று மேசைக்கடியில் போய்விட்டது. அக்கா வாய்விட்டு அழுதாள். இந்த ஐந்தில் அவளுடைய மூச்சுக்காற்றுகூடக் கலக்கவில்லை!

விழா நாளும் வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையில் பெரிய திரை. இரண்டாவது டெஸ்டுக்கு வந்த அந்தத் தலைமையாசிரியை வந்து எல்லோருக்கும் முன்னால் ஒரு புகார் கொடுத்துக் காட்டுவதாக ஏற்பாடு. ஆனால் நகராட்சித் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர் எதுக்கு? நானே குடுக்கறேன். என் வீட்டு வாசல்லயே மூணு நாளா பாட்டில் கிடக்கு, அது யாருக்காச்சும் தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. அதிகாரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தலைவர் தன் போனில் வரும் செய்தியைக்கூட உதவியாளரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறவர். அந்த உதவியாளர் பதறிக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

"சார், கிட்டப் போகாதீங்க!"

மேடை ஓரத்திலிருந்து கத்தியது அக்காதான். அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தலைவரின் உதவியாளரையே தடுக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. தலைவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"யாரும்மா நீங்க?"

"இதை டெஸ்ட் பண்ணவ சார்." இரண்டு அடி முன்னால் வந்தாள். "யாரும் சொல்லித் தர வேண்டாம் சார். நீங்களே பண்ணுங்க. எங்கயாச்சும் தடுமாறினீங்கன்னா அது உங்க தப்பில்ல, எங்க தப்பு. எல்லாரும் பாக்கட்டும்."

தலைவர் உதவியாளரைக் கையமர்த்தினார். பிறகு ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் "எங்கே?" என்று வந்தது. தெருப் பெயரைத் தட்டுவதற்குள் ஒரு யுகம் ஆனது. "என்ன?" என்று கேட்டது. "பாட்டில்" என்று போட்டார். "எத்தனை நாளாக?" மூன்று. விரல் அந்தரத்தில் நின்றது. தலைவர் திரையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அறுநூறு பேர் உட்கார்ந்த அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அக்கா அதிகாரியம்மாவின் கையைப் பிடித்தாள். அதிகாரியம்மா அதைவிட இறுக்கிப் பிடித்தார். தலைவரின் விரல் இறங்கியது. திரை முழுக்க நம்பர் வந்து நின்றது, அதன் பக்கத்தில் பச்சை டிக்.

"நம்பர் வந்துருச்சு!" என்று தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மைக்கை எடுத்துக்கொண்டு, "யாரும் எனக்குச் சொல்லித் தரல, பாத்தீங்கல்ல? நானேதான் பண்ணேன்! நானேதான்!" என்றார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. தட்டிக்கொண்டே பாதிப் பேர் தங்கள் போனை வெளியே எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, தங்கள் வீட்டு வாசல் குப்பைக்குப் புகார் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் வந்த புகார் நானூற்றுச் சொச்சம். பாதியில் விட்டுப் போனவர்கள் பதினொரு பேர் மட்டும். அந்தப் பதினொரு பேரும் எந்த இடத்தில் விட்டார்கள் என்று அக்கா மறுநாளே தோண்ட ஆரம்பித்துவிட்டாள்.

டெஸ்ட் ரூமுக்கு உத்தரவு வந்தது. அக்காவைத்தான் அதற்குப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். கீழே அதிகாரியம்மா கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார். இனி இந்த நகராட்சியிலிருந்து பொதுமக்களுக்குப் போகும் எந்தப் பக்கமும், எந்தப் படிவமும், இந்த அறையின் கையெழுத்து இல்லாமல் வெளியே போகக் கூடாது. ரெக்கார்டு ரூமில் வாடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களையும் அக்கா முதல் நாளே மேலே இழுத்துக்கொண்டாள். வாரத்தில் இரண்டு நாள் கல்லுளியும் வந்து உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அறைக் கதவு தட்டப்பட்டது. அதிகாரியம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் குடிநீர் இணைப்புக்கான புதிய படிவம். அவரே உட்கார்ந்து எழுதியது, நான்கு பக்கம்.

"அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டார். அதுவரை அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

அக்கா படிவத்தை வாங்கி ஐந்து பேரிடம் கொடுத்தாள். மூன்று பேர் இரண்டாவது பக்கத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். அக்கா பேனாவைத் திறந்து, "தேறவில்லை. திருத்திக் கொண்டுவரவும்" என்று எழுதி, தன் கையெழுத்தை முழுதாகப் போட்டு நீட்டினாள். அதிகாரியம்மா அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். மறுநாள் காலை, ஒரே பக்கமாகச் சுருக்கிய படிவத்தோடு வந்து, வெளியே பெஞ்சில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தார்.